பார்லோ துரையும் என் மூன்று நாள் நோன்பும்

1

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டெரிக் எங்கள் வீட்டுக்கு வந்தான். விமானப் பணியாளர் சங்கத்தின் செயலாளர் அவன். தலை நரைத்தும் பதவியை விடாதவன். லண்டன் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், ஹவுன்ஸ்லோ என்ற ஊரில் எங்கள் வீடு. கூரைக்கு மேல் விமானம் போகும்போது பேச்சை நிறுத்துவதும், அது போனபிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வதும் இங்கே குடியிருப்பவர்கள் எல்லோருக்கும் பழகிப்போன ஒன்று. மூன்று விமானங்களுக்கு இடையில் டெரிக் சொல்லி முடித்த விஷயம் இதுதான். கம்பெனிக்கும் பணியாளர்களுக்கும் மறுபடி முட்டிக்கொண்டுவிட்டது. வேலைநிறுத்தம் வரப்போகிறது.

"தாஸ், நீ இன்னொரு தடவை பட்டினி இருக்க வேண்டும்" என்றான்.

ஏதோ நான் பட்டினி இருப்பதற்கென்றே சங்கம் வைத்திருக்கும் ஆள் மாதிரி கேட்டான். பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்த என் மனைவி பத்மாவதி, கையிலிருந்த நோட்டுக் கட்டை மேசைமேல் வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். எங்கள் மகளின் பெயர் ஜினமதி. பள்ளிக்கூடத்தில் ஜீனா. பத்து வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், ஆங்கிலத்தில் கேட்டால் பதிலே சொல்லமாட்டாள். அவள் மட்டும் ஆர்வமாக முன்னால் வந்தாள். "ஸ்பான்சர்டாப்பா?" என்று கேட்டாள். அவள் வகுப்பில் ஒருவேளை சாப்பிடாமல் இருந்தால் அக்கம்பக்கத்தார் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுத் தர்மத்துக்குக் கொடுப்பார்களாம். நோன்பு என்றால் அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

டெரிக்கிடம் முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஏன் என்று அவன் கேட்டான். மகளும் கேட்டாள். பத்மாவதி மட்டும் கேட்கவில்லை, அவளுக்குத் தெரியும். ஊரில் இருப்பவர்களாவது இதை முழுக்கக் கேட்டுக்கொள்ளட்டும் என்று எழுதுகிறேன்.

2

நான் திருப்பருத்திக்குன்றத்துக்காரன். காஞ்சிபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி வேகவதி ஆற்றைத் தாண்டினால் எங்கள் ஊர். சமணக் குடும்பம், வேர்க்கடலையும் நெல்லும் விளைகிற கொஞ்சம் நிலம். வேலை தேடி லண்டனுக்கு வந்து, விமானங்களுக்குச் சாப்பாடு கட்டித் தருகிற சமையல்கூடத்தில் தட்டு கழுவினேன். பம்பாய் போகிற விமானங்களில் இந்திய முகம் ஒன்று வேண்டும் என்று ஒரு கம்பெனிக்குத் தோன்றியபோது, கழுவின தட்டைத் தூக்கிக்கொண்டு போய்ப் பரிமாறும் வேலை எனக்குக் கிடைத்தது. கம்பெனியின் பெயர் வேண்டாம். இன்னும் அங்கேதான் இருக்கிறேன். அப்போது கம்பெனியில் ஜம்போ விமானங்கள் வரவில்லை.

அப்பாவுக்கு எழுதினேன். அவர் ஊரில் போய், "நம்ம தாசு ஆகாசத்துல அன்னதானம் பண்ணிக்கினு இருக்கறான்" என்று சொல்லிவிட்டார்.

அந்த அன்னதானத்தில் என்ன இருக்கிறது என்று நான் அவருக்கு எழுதவில்லை. கோழி. முட்டையைக்கூட வீட்டுக்குள் விடாத குடும்பத்தில் பிறந்தவன், இடுக்கியால் கோழித்துண்டை எடுத்து நூறு பேருக்கு வைத்தேன். மனசு கேட்கவில்லை. அதனால் ஒவ்வொரு தட்டிலும் வைக்கும்போது அந்தக் கோழியிடம் பொறுத்துக்கொள்ளச் சொல்லி வாய்க்குள் முணுமுணுப்பேன். ஒருமுறை ஒரு கிழவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, எஞ்சினில் ஏதாவது கோளாறா? உண்மையைச் சொல்" என்று கேட்டாள். நான் ஜெபம் செய்வதாக நினைத்திருக்கிறாள். அதன்பிறகு உதட்டை அசைக்காமல் சொல்லக் கற்றுக்கொண்டேன்.

இன்னொரு சங்கடம் சூரியன். பொழுது சாய்ந்தபிறகு சாப்பிடக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். இதைப் போட்டவர்கள் லண்டனையும் பார்க்கவில்லை, விமானத்தையும் பார்க்கவில்லை. டிசம்பரில் இங்கே நாலு மணிக்குள் இருட்டிவிடும். மற்றவர்கள் மதியச் சாப்பாட்டை முடித்து ஏப்பம் விடும்போது நான் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காருவேன். கிழக்கே பறந்தால் இரண்டு மணி நேரத்தில் சூரியன் காணாமல் போய்விடும், நான் பம்பாய் வரை வெறும் வயிறு. மேற்கே நியூயார்க் போனால் சூரியன் கூடவே வரும், சாயவே சாயாது. அந்த விமானத்தில் நான் சாப்பிட்டதைப் பார்த்தவர்கள் என்னை நோன்பு இருக்கிறவன் என்று நம்பமாட்டார்கள்.

3

எங்கள் வீட்டு நோன்பைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பிறகு நடந்தது புரியாது.

ஒருநாள், மூன்றுநாள் என்று அவரவர் சக்திக்குத் தகுந்தபடி நோன்பு இருப்போம். பகலில் கொதிக்கவைத்து ஆறின தண்ணீர் மட்டும். முடிந்த மறுநாள் காலை வெயில் வந்தபிறகு பாரணை, அதாவது நோன்பை முடித்து வாயில் ஏதாவது வைப்பது. அதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருக்கும். யாரோடு மனத்தாங்கல் உண்டோ அவரிடம் முதலில் போய்ப் பிழை பொறுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். அவரும் பதிலுக்குக் கேட்க வேண்டும். அதன்பிறகுதான் தண்ணீர். மற்ற வீடுகளில் எப்படியோ, எங்கள் வீட்டில் இதில் விட்டுக்கொடுத்தல் கிடையாது.

எங்கள் அப்பாவுக்கு இந்த விஷயத்தில் ஆள் தேட வேண்டிய அவசியமே இருந்ததில்லை. மாகறல்காரர் கன்னியப்பன் இருந்தார். எங்கள் நிலத்துக்குப் பக்கத்து நிலம் அவருடையது. நடுவில் ஓடின வாய்க்கால் யாருக்குச் சொந்தம் என்று காஞ்சிபுரம் முன்சீப் கோர்ட்டில் இருவருக்கும் வருடக்கணக்காக வழக்கு. கன்னியப்பன் சமணர் அல்ல. ஆனால் எங்கள் அப்பாவோடு வழக்காடி வழக்காடி எங்கள் சம்பிரதாயம் எல்லாம் அவருக்கு அத்துப்படி. அப்பா நோன்பு முடித்த காலையில் வரப்பில் தயாராக நின்றுகொண்டிருப்பார்.

"தெரிஞ்சோ தெரியாமலோ, மனசாலயோ வாயாலயோ கையாலயோ உனக்கு நான் ஏதாச்சும் கெடுதி பண்ணியிருந்தா பொறுத்துக்கப்பா" என்பார் அப்பா, கை கூப்பி.

"நானும் அப்டித்தான் நயினாரே. நீயும் பொறுத்துக்க" என்பார் கன்னியப்பன், சமணர்களுக்கு உரிய பட்டத்தைச் சொல்லி. உடனே, "நாளைக்கி கோர்ட்டு எத்தினி மணிக்கி?" என்று கேட்பார்.

"பத்துக்கு. வெள்ளன கெளம்பணும். சைக்கிள எட்தாந்துடு."

மறுநாள் கன்னியப்பன் மிதிக்க, அப்பா பின்னால் கேரியரில் உட்கார்ந்துகொண்டு, இருவரும் ஒரே சைக்கிளில் கோர்ட்டுக்குப் போவார்கள். அங்கே போய் ஒருவர்மேல் ஒருவர் பொய்சாட்சி என்று கத்துவார்கள். சாயங்காலம் அதே சைக்கிளில் திரும்புவார்கள். மனசு வேறு, வழக்கு வேறு. இது உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

4

மொரீன் என்னோடு வேலை பார்த்த பணிப்பெண், அயர்லாந்துக்காரி. கோழியைத் தொட நான் தயங்குவதை முதல்நாளே கண்டுபிடித்து, எத்தனையோ நாள் என் வரிசைக்கும் சேர்த்து அவளே பரிமாறினாள். அதற்கு நான் அவளுக்குச் செய்த கைம்மாறு, அவள் வேலையைப் போக்கியது.

கம்பெனியில் ஒரு சட்டம் இருந்தது. பணிப்பெண்ணுக்குக் கல்யாணமானால் வேலை முடிந்தது. ஆண்களுக்கு அது கிடையாது. நான் கல்யாணமானவன், டெரிக்குக்கு மூன்று பிள்ளைகள், யாரும் எங்களை ஒன்றும் கேட்கவில்லை. மொரீன் ஒரு சனிக்கிழமை பதிவு அலுவலகத்தில் சத்தமில்லாமல் கல்யாணம் செய்துகொண்டு, திங்கட்கிழமை மோதிரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தாள். எனக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் மட்டும் சொன்னாள்.

நான் ஊருக்கு எழுதினேன். என்னோடு நல்லவிதமாகப் பழகும் பெண்ணுக்குக் கல்யாணம் ஆயிற்று என்று மட்டும் எழுதினேன். ரகசியம் என்று எழுதவில்லை. எழுதினால் ஓடிப்போன கல்யாணம் என்று அப்பா எடுத்துக்கொள்வார். அப்புறம் அந்தப் பெண்ணோடு பேசாதே என்று பதில் வரும். இதெல்லாம் யோசித்து, மிகவும் சாமர்த்தியமாக நடந்துகொண்டதாக நினைத்தேன்.

காஞ்சிபுரத்திலிருந்து ஒரு கல்யாணப் பரிசு போகிறதென்றால் அது என்னவாக இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் அப்பா பட்டு கட்டமாட்டார், பூச்சியைக் கொன்று எடுப்பது என்பதால். ஆனால், "நாம கட்டறதில்ல, சரி. அதுக்காக காஞ்சிபுரத்துலேர்ந்து நூல்பொடவ அனுப்புனா ஊருக்கே கேவலம்பா" என்று, அப்போது ஊரில் அவரோடு இருந்த பத்மாவதியைக் கடைக்கு அனுப்பினார். அரக்கு நிறம், மாம்பழ நிறக் கரை, அகலச் சரிகை. வாழ்த்துக் கடிதத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, ஒரு பொட்டலம் மஞ்சள்தூளும் கூட வைத்துக் கட்டினார்கள். நான் தங்கியிருந்த அறை அடிக்கடி மாறும் என்பதால் கம்பெனி விலாசத்துக்கே அனுப்பினார்கள். சுங்கத்துக்கான தாளில் பத்மாவதி சுத்தமான ஆங்கிலத்தில், புதிதாகக் கல்யாணமான விமானப் பணிப்பெண் திருமதி மொரீனுக்குக் கல்யாணப் புடவை என்று எழுதியிருந்தாள். ஒரு தவறும் இல்லாத ஆங்கிலம். தவறு இருந்திருந்தால் தப்பித்திருக்கலாம்.

பார்சல் கிழிந்து மஞ்சள்தூள் கொட்டவே, தபால் பிரிவில் பயந்துபோய்ப் பணியாளர் மேலாளர் பார்லோவின் அறைக்குக் கொண்டு போய்விட்டார்கள். பார்லோ ஒல்லியான மனிதர். கோட்டுப் பையில் எப்போதும் நாலு பேனா வைத்திருப்பார், கோபம் வந்தால் அவற்றை இடம் மாற்றி மாற்றிச் செருகுவார். அன்று அவர் மேசைமேல் அரக்குப் பட்டு விரித்துக் கிடந்தது. சுங்கத் தாளை அவர் இரண்டுமுறை படித்தார் என்று அவருடைய தட்டச்சுக்காரி பிறகு சொன்னாள். மொரீனுக்கு மூன்று வரியில் கடிதம் வந்தது, மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று.

மொரீன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "என்ன அழகான துணி, தாஸ்" என்றாள். திட்டியிருந்தால் எனக்கு அன்றைக்குத் தூக்கம் வந்திருக்கும்.

5

வேலைநிறுத்தம் ஆரம்பித்தது. கோரிக்கை ஒன்றே ஒன்று: மொரீனை வேலைக்குத் திரும்ப எடு, அந்தச் சட்டத்தை நீக்கு. பார்லோவின் அலுவலகப் படிக்கட்டுக்கு எதிரே மார்ச் மாதக் குளிரில் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். முதல் நாலு நாள் உற்சாகம். ஐந்தாம் நாளிலிருந்து ஆண்கள் சிலர் தொண்டையைக் கனைக்க ஆரம்பித்தார்கள். இது பெண்கள் விவகாரம்தானே, நாம் எதற்கு நிற்கிறோம் என்று. எட்டாம் நாள் எண்ணிப் பார்த்தால் பாதிப் பேர் இல்லை. இன்னும் இரண்டு நாள் போனால் மொரீன் மட்டும் பலகையோடு நிற்பாள் என்பது தெரிந்துவிட்டது.

நான் மூன்று நாள் நோன்பு இருக்கிறேன் என்று டெரிக்கிடம் சொன்னேன். என் மனசில் இருந்தது பரிகாரம். டெரிக்குக்கு அது வேறுமாதிரி கேட்டது. இந்தியன், பட்டினி, பத்திரிகை. அவன் கண் விரிந்தது. சாயங்காலத்துக்குள், சாகும்வரை என்று ஒரு பலகை எழுதிக்கொண்டு வந்தான். நான் அதை அடிக்கச் சொல்லி, மூன்று நாள் என்று மாற்றச் சொன்னேன். "மூன்று நாளில் முடித்துவிடுவாய் என்று அவர்களுக்கு எதற்குச் சொல்ல வேண்டும்?" என்று கேட்டான். நோன்பில் பொய் கூடாது என்றேன். தலையில் கை வைத்துக்கொண்டான்.

படிக்கட்டின் கீழே கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். அங்கேதான் டெரிக்குக்கும் எனக்கும் தகராறு.

"கொஞ்சம் வாடின மாதிரி இரேன்" என்றான்.

"நோன்பு இருக்கிறவன் முகம் மலர்ந்து இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பலன் இல்லை."

"உனக்குப் பலன் இல்லை. எங்களுக்கு இருக்கிறதே."

வெளிவந்த படத்தில் நான் வரவேற்பு விழாவில் உட்கார்ந்த மாதிரி சிரித்துக்கொண்டிருந்தேன். என் பக்கத்தில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்த டெரிக்தான் குளிரில் நடுங்கிச் சாகக்கிடப்பவன் போல் இருந்தான்.

இரண்டாம் நாள் இன்னும் மோசம். சும்மா உட்கார்ந்திருப்பது எனக்குக் கை வராது. நின்றுகொண்டிருந்தவர்களுக்குப் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொடுத்தேன். வாசலில் நின்ற காவலாளிக்கும் ஒரு கோப்பை. அலுவலகத்துக்குள் போகிற குமாஸ்தாக்கள் கொஞ்சம் தயங்கினார்கள், அவர்களுக்கும் கொடுத்தேன், பிஸ்கட்டோடு. பரிமாறுகிறவனுக்கு இந்த வரிசை எங்கள் கட்சி, அந்த வரிசை எதிர்க்கட்சி என்று தெரியாது. மாடி ஜன்னலிலிருந்து பார்லோ பார்த்துக்கொண்டே இருந்தார், பேனாக்களை இடம் மாற்றியபடி.

ஆனால் ஒன்று நடந்தது. வராமல் போன ஆண்கள், படத்தைப் பார்த்துவிட்டு ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். ஒருவன் பசியோடு இருக்கும்போது வீட்டில் உட்கார்ந்து முட்டை சாப்பிடக் கூச்சமாக இருக்கிறது என்றான் ஒருவன். மூன்றாம் நாள் படிக்கட்டை அடைத்துக்கொண்டு கூட்டம்.

6

நாலாம் நாள் காலை வெயில் வந்தது. பாரணை. நான் எழுந்து கம்பளியை மடித்து வைத்துவிட்டு, படியில் ஏறினேன். கால் கொஞ்சம் தள்ளாடியது. டெரிக் பார்த்து மிகவும் சந்தோஷப்பட்டான். பார்லோ காரிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார். அவர் முன்னால் போய் நின்று, கை கூப்பி, எனக்குத் தெரிந்த நல்ல ஆங்கிலத்தில், உரக்கச் சொன்னேன்.

"தெரிந்தோ தெரியாமலோ, மனத்தாலோ வாயாலோ கையாலோ உங்களுக்கு நான் ஏதாவது தீங்கு செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்."

கீழே சத்தம் அடங்கிவிட்டது. திரும்பிப் பார்த்தேன். டெரிக்கின் வாயிலிருந்து சிகரெட் விழுந்தது. பத்திரிகைக்காரர் ஒருவர் வேகமாக எழுதிக்கொண்டிருந்தார். மொரீன் முகம் வெளுத்துப்போய் நின்றாள். எனக்கு எதுவும் புரியவில்லை.

பார்லோவுக்கு மட்டும் முகம் பிரகாசமாகிவிட்டது. என் தோளில் கை வைத்தார். "நல்ல முடிவு தாஸ். நடந்தது நடந்துவிட்டது. போய் ஏதாவது சாப்பிடு."

"முடியாது ஐயா. இப்போது நீங்கள் சொல்ல வேண்டும்."

"என்ன சொல்ல வேண்டும்?"

"நான் சொன்னதையேதான். நீங்கள் என்னிடம் கேட்காமல் நான் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது."

அவர் கையை எடுத்துக்கொண்டார். என்னைப் பார்த்தார், படக்காரர்களைப் பார்த்தார். மூன்று நாள் சாப்பிடாத ஒருவன் தன் வாசற்படியில் தள்ளாடிக்கொண்டு நிற்கிறான். இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் விழுந்துவிடுவான். அது பார்லோவுக்கும் தெரிந்தது, படமெடுப்பவர்களுக்கும் தெரிந்தது. நான் பாவமாக நடிக்கவில்லை. உண்மையிலேயே எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"முதல் வரி என்ன?" என்று மெதுவாகக் கேட்டார்.

நான் சொல்லிக்கொடுக்க, அவர் திருப்பிச் சொன்னார், கல்யாண மேடையில் மாப்பிள்ளை மந்திரம் சொல்வது மாதிரி. கையைக் கூப்ப வேண்டுமா என்று கேட்டார். கூப்பினால் நல்லது என்றேன். தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூப்பினார். காமிராக்கள் எல்லாம் அப்போதுதான் மின்னின. நான் வெந்நீர் குடித்தேன். அவ்வளவு ருசியான வெந்நீரை அதற்குப் பிறகு குடித்ததில்லை.

7

மறுநாள் ஒரு பத்திரிகை, வேலைநிறுத்தக்காரர்கள் மன்னிப்புக் கேட்டார்கள் என்று எழுதியது. இன்னொன்று, கம்பெனி மன்னிப்புக் கேட்டது என்று எழுதியது. இரண்டிலும் அவரவர் வசதிக்குப் பாதிப் படம். சங்கத்தில் பாதிப் பேர் என்னைத் துரோகி என்றார்கள், மீதிப் பேர் மகா தந்திரசாலி என்றார்கள். டெரிக் இரண்டையும் சொன்னான். பார்லோவுக்குத் தலைமையகத்திலிருந்து தொலைபேசிமேல் தொலைபேசி.

நான் எட்டு மணிக்கு வழக்கம்போல் என் பலகையை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு எதிரே போய் நின்றேன். நேற்று பாரணை முடிந்தது. இன்றைக்கு வேலைநிறுத்தம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

பார்லோ வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "தாஸ், நேற்று நாம் ஒருவரை ஒருவர் மன்னித்துவிட்டோமே?"

"ஆமாம் ஐயா. எனக்கு உங்கள்மேல் ஒரு கோபமும் இல்லை."

"பின்னே இந்தப் பலகை?"

"அது வழக்கு ஐயா. மொரீன் வேலை இன்னும் திரும்பி வரவில்லையே. அது வரைக்கும் நிற்பேன்."

அவர் பேனாக்களைத் தொடவில்லை. இத்தனை நாளில் என்னோடு கத்தாமல் பேசினவன் நீ ஒருவன்தான் என்றார். மொரீனையும் டெரிக்கையும் என்னையும் உள்ளே கூப்பிட்டார். அவர் அறையில் தேநீர் வந்தது. பழக்கதோஷத்தில் நானே எழுந்து ஊற்றினேன்.

இரண்டு நாள் பேச்சு நடந்தது. கல்யாணமானாலும் வேலையில் தொடரலாம் என்று கம்பெனி எழுதிக்கொடுத்தது. மொரீன் மோதிரத்தோடு வேலைக்கு வந்தாள். கோடை விடுமுறைக்கு டிக்கெட் விற்றாகிவிட்டது, ஆள் இல்லாமல் விமானம் ஓட்ட முடியாது, அதனால்தான் இறங்கி வந்தார்கள் என்று டெரிக் சொன்னான். இருக்கலாம். என் நோன்புதான் காரணம் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஊருக்கும் அப்படித்தான் எழுதினேன்.

8

நீண்ட கடிதம் அது. நீலத்தாள் இரண்டு. கல்யாணமான பெண் வேலைக்கு வரக்கூடாது என்பது எவ்வளவு பெரிய அநியாயம், ஒரு பெண்ணின் வேலையைப் பிடுங்குவது அவள் கையை முறிப்பதற்குச் சமம் என்றெல்லாம் எழுதினேன். எழுதும்போது எனக்கே என்மேல் மரியாதை வந்தது. பார்லோ கை கூப்புகிற படத்தையும் வெட்டி உள்ளே வைத்தேன்.

அப்பா பதில் எழுதினார். நோன்பை எங்கள் நோன்புக்கு உரிய அட்டமியில் ஆரம்பித்தாயா, கண்ட நாளில் ஆரம்பித்தாயா என்று மட்டும் கேட்டிருந்தார்.

பத்மாவதியின் கடிதம் ஒரு வாரம் கழித்து வந்தது. ஒரு காலை, ரொட்டியை வாட்டி வைத்துக்கொண்டு பிரித்தேன்.

"மொரீன் அவர்களுக்கு வேலை திரும்பக் கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். நீங்கள் எழுதியதை மூன்று தடவை படித்தேன். நம் கல்யாணம் முடிந்த மறுவாரம் என் ராஜினாமாக் கடிதத்தை நீங்கள்தான் எழுதினீர்கள். நான் கையெழுத்து மட்டும் போட்டேன். அதற்கு நான் எந்தப் படியில் போய் உட்கார வேண்டும் என்று தெரியப்படுத்தவும்."

இந்தக் குறிப்பில் இதுவரை நான் இதைச் சொல்லவில்லை. மறதியால் அல்ல, வெட்கத்தால். கல்யாணத்துக்கு முன் பத்மாவதி காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. பிள்ளைகளுக்கு அவள் என்றால் உயிர். நான் லண்டன் போகிறவன், என் மனைவி வேலைக்குப் போனால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று நானே தாளை எடுத்து, நானே பேனாவை எடுத்து எழுதினேன். அவள் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். பார்லோவாவது மூன்று வரி எழுதினார். நான் இரண்டே வரியில் முடித்துவிட்டேன்.

ரொட்டி இறங்கவில்லை. விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு, பணியாளர்களுக்கான இலவச டிக்கெட்டில் பம்பாய், அங்கிருந்து ரயிலில் மதராஸ், பஸ்ஸில் காஞ்சிபுரம். வழியெல்லாம் தண்ணீர் மட்டும்தான். வீட்டு வாசலில் கால் வைத்தபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அப்பா வயலில் இருந்தார். பத்மாவதி என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"பொழுது சாயறதுக்குள்ள சாப்ட்டுடுங்க" என்றாள்.

"அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்."

"எனக்கும் ஒண்ணு இருக்குது" என்று உள்ளே போய் ஒரு தாளை எடுத்து வந்தாள். "ஸ்கூல்ல ஒரு எடம் காலியா இருக்குது. கேட்டுட்டு வந்தேன். கல்யாணமானவங்கன்னா வீட்டுக்காரர் சம்மதம் வோணும்னு மேனேஜ்மென்ட்டுல சொல்றாங்க. நீங்க ஒண்ணும் எழுத வாணாம், நானே எழுதி வெச்சிக்கினு இருக்கறேன். கையெழுத்து மட்டும் போடுங்க."

படித்தேன். என் மனைவி வேலைக்கு வருவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அச்சு மாதிரி எழுத்து. லண்டனில் ஒரு நிர்வாகத்தின் வாசலில் பட்டினி கிடந்தவன், இந்த வீட்டில் நிர்வாகம் நான்தான் என்பதை அந்தத் தாளைக் கையில் வாங்கும்வரை உணரவில்லை. அதன்பிறகு இன்னொருவர் வாசலில் போய் நோன்பு உட்கார எனக்கு மனசு வரவில்லை, டெரிக்கிடம் முடியாது என்றதும் அதனால்தான். கையெழுத்துப் போட்டேன். அவள் மை காயும்வரை ஊதிவிட்டு, மடித்து, அரிசிப் பானைக்கு மேலே பத்திரமாக வைத்தாள்.

நான் எழுந்து கை கூப்பினேன். "தெரிஞ்சோ தெரியாமலோ, மனசாலயோ..."

"நில்லுங்க" என்றாள். குரல் உயரவில்லை. "அந்த தெரியாமலோ வாணாம். தெரிஞ்சிதான எழுதுனீங்க."

வாசலில் பக்கத்து வீட்டுக் கோழிகள் கூட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டு, மீதியைச் சொன்னேன். கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு தட்டை வைத்துச் சோறு போட்டாள்.